பதினோரு சாக்கு ஜாதகமும் ஒரு டேப்பும்

அது ஒண்ணும் குண்டு இல்ல அண்ணாச்சி, பயப்படாம உக்காருங்க. சாத்தூர்ல ஏறினதுல இருந்து என் மடியில இருக்கிற பெட்டியையே பாத்துட்டு வர்றீங்க. பின்னாடி இத்தனை அகல வயர் தொங்கினா யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். கண்டக்டரும் கேட்டாரு. டேப் டிரைவ்னேன். ரேடியோவான்னாரு. ஆமான்னுட்டேன். எல்லார்கிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டு இருக்க முடியுமா?

உங்ககிட்ட சொல்றேன். உங்களைப் பாத்தா விவரம் தெரிஞ்சவர் மாதிரி இருக்கு. நான் திண்டுக்கல் போறேன். நீங்க மதுரைன்னா அதுக்குள்ள முடிச்சிருவேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு என் மேலயா அவங்க மேலயா. இதை நான் கோவில்பட்டியில ஒருத்தர்கிட்டயும் கேக்க முடியல. எல்லாரும் அந்தப் பக்கம் சாஞ்சுட்டாங்க.

என் பேரு செண்பகராமன். செண்பகம் ரெக்கார்டிங் சென்டர்னு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருபத்திரண்டு வருஷம் கடை வச்சிருந்தேன். பாட்டு லிஸ்டு எழுதிக் கொடுப்பாங்க, கேசட்ல பதிஞ்சு கொடுப்பேன். ஊர்ல அஞ்சு கடை இருந்துச்சு. ஏன் எல்லாரும் என் கடைக்கு வந்தாங்க? பதிஞ்சு முடிச்சதும் கேசட்டை முதல் வரைக்கும் சுத்தி, முதல் பாட்டை அரை நிமிஷம் போட்டுக் காட்டி, மறுபடி சுத்தித்தான் கையில கொடுப்பேன். மத்தவன் பாதியில நிக்கிற கேசட்டை அப்படியே தூக்கிக் கொடுப்பான். வீட்டுக்குப் போய் போட்டா நடுப்பாட்டுல இருந்து கேக்கும். அது ஒரு கடையா? இதைச் சொல்றது பெருமைக்கு இல்ல. தொழில்னா அப்படித்தான் இருக்கணும்.

கேசட்டும் போச்சு, கடையும் போச்சு. அதை விடுங்க.

எனக்கு ஒரே பொண்ணு, கோமதி. மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேலை. முப்பத்துநாலு முடியப் போகுது. வீட்டுக்காரி தவறி ஒன்பது வருஷம் ஆச்சு. போறப்ப அவ கேட்டது ஒண்ணுதான், கோமதிக்கு ஒரு நல்லது பண்ணிடுங்கன்னு. அதைத்தான் இத்தனை வருஷமா நெஞ்சுல வச்சுக்கிட்டு அலையிறேன். ஆனா பொண்ணு ஆயில்யம். காலைல நாலு பத்துக்குப் பொறந்தா. ஆயில்யம் அஞ்சு மணியோட முடியுது. அம்பது நிமிஷம் பொறுத்திருந்தா மகம் ஆயிருக்கும், ராசியே மாறியிருக்கும். பொறுக்கல. அவ இன்னைக்கும் அப்படித்தான், எதுக்கும் காத்திருக்க மாட்டா. ஆயில்யத்துப் பொண்ணு மாமியாருக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்கல்ல, அதனால தாய் இல்லாத மாப்பிள்ளையாத் தேடணும். தேடிப் பாருங்க அண்ணாச்சி. இந்தக் காலத்துல எல்லா அம்மாவும் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருக்காங்க. இருக்கட்டும். நான் குறையாச் சொல்லல.

அதுக்குத்தான் எங்க சங்கத்துத் திருமணத் தகவல் மையத்துல போய் உக்காந்தேன். சம்பளம் கிடையாது. ஆனா வர்ற ஜாதகம் எல்லாம் முதல்ல என் கையில விழும். தாயார் பேருக்கு முன்னாடி 'அமரர்'னு இருக்கான்னுதான் முதல்ல பாப்பேன். பாத்து, அப்படி இருந்தா, மனசுக்குள்ள ஒரு சந்தோஷம் வரும். தப்புத்தான். வந்துச்சே, என்ன செய்ய?

சங்கத்தலைவர் பால்வண்ணன்னு ஒருத்தர். அவருக்குத் தெரிஞ்ச ஏற்றுமதிக் கம்பெனியில பழைய கம்ப்யூட்டரும் இந்த டேப் டிரைவும் கழிச்சுப் போட்டாங்க. சும்மா கிடைச்சதுன்னு தூக்கிட்டு வந்து மையத்துல வச்சுட்டாரு. ஒன்பதாயிரம் ஜாதகம் அண்ணாச்சி, எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஏத்தியாச்சு. கம்ப்யூட்டர் ஒரு நாள் படுத்துடுச்சுன்னா? அதுக்கு ஒரு நகல் டேப்ல எடுத்து வைக்கணும். பேக்கப்னு சொல்றாங்க. டேப்புன்னதும் எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. பதினஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி என் கைக்கு ஒரு டேப் வருது.

கம்ப்யூட்டர்ல இருக்கிறது லினக்ஸ். கோமதிக்கு அதுலதான் வேலையே. தினமும் சாயங்காலம் போன் போட்டுக் கேப்பேன். அவ சொல்லச் சொல்ல நான் செய்வேன். முதல்ல ஒரு கார்டு சொருகணும், அந்தக் கார்டுல இருந்து இந்த அகல வயர் வரணும், வயர் டிரைவுக்குப் போகணும். எல்லாம் செஞ்சேன். மிஷின் டேப்பை அடையாளமே காணல. ரெண்டு வாரம் மல்லுக்கட்டினேன். கடைசியில கோமதிதான் கேட்டா, "அப்பா, டிரைவுக்குப் பின்னாடி இன்னொரு ஓட்டை சும்மா இருக்கா?" இருந்துச்சு. அதுல ஒரு கட்டை மாதிரி மூடி சொருகணுமாம், இல்லைன்னா வயர் எங்க முடியுதுன்னே கம்ப்யூட்டருக்குத் தெரியாதாம். மூடி அட்டைப்பெட்டிக்கு அடியிலேயே கிடந்துச்சு. சொருகினதும் டிரைவ் பேரு திரையில வந்துச்சு. அன்னைக்கு நான் அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவளுக்கும் சந்தோஷம். "அப்பா, நானும் ஒரு விஷயம் சொல்லணும்"னா. "இரும்மா, ஒண்ணு ஒண்ணா வருவோம், முதல்ல எழுதுற கட்டளையைச் சொல்லு"ன்னேன். சொன்னா.

இங்கதான் கவனமாக் கேக்கணும். எல்லாப் பேச்சும் இதுலதான் வந்து நிக்குது.

முதல் நாள் எல்லா ஜாதகத்தையும் டேப்ல எழுதணும். அப்புறம் தினமும், அன்னைக்கு எது புதுசோ எது மாறுச்சோ அது மட்டும். ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு, ஏ சைடுல பாட்டு வர்ற மாதிரி. இந்த ஒரு டேப்பே ஆயுசுக்கும் போதும்னா. அப்புறம் சொன்னா, "டிரைவுக்கு ரெண்டு பேர் இருக்குப்பா. ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எழுதி முடிச்சதும் தானாவே முதலுக்குச் சுத்திட்டு வந்து நிக்கும். இன்னொரு பேரைச் சொன்னா முடிச்ச இடத்துலயே நிக்கும். நீங்க ரெண்டாவதைப் போடுங்க."

போட்டேன். ஒரு நாள் போட்டேன். எழுதி முடிச்சுட்டு பாதி டேப்ல அப்படியே நின்னுடுச்சு. ஒரு சத்தம் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு மனசே கேக்கல அண்ணாச்சி. இருபத்திரண்டு வருஷம் ஒரு கேசட்டை நான் பாதியில நிறுத்தி வெளியில எடுத்தது கிடையாது. இது வயசுப்பிள்ளைகளோட ஜாதகம், எத்தனை வீட்டு நல்லது இதுக்குள்ள இருக்கு. அதைப் போய் நடுவுல நிறுத்தி வைக்கிறதா? மறுநாள் முதல் பேரைப் போட்டேன். எழுதுச்சு. எழுதிட்டு, விர்ருன்னு சுத்திக்கிட்டு முதலுக்கு வந்து நின்னுச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் வீட்டுக்குப் போய் சாப்பாடு இறங்குச்சு.

கோமதிகிட்ட சொல்லல. சின்ன விஷயம், எதுக்குச் சொல்லணும்?

மூணு வருஷம். ஒரு நாள் தவறல. சாயங்காலம் ஆறரைக்கு மையத்தைப் பூட்டுறதுக்கு முன்னாடி என் கையாலதான் செய்வேன். தானா ஓடுற மாதிரி பண்ணிடலாம்பான்னா. நான் எதுக்கு இருக்கேன்னு கேட்டேன். ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வச்சப்ப கூட இதுக்கு மட்டும் விபூதித்தூள் படாம ஓரமா வச்சேன், ஏன்னா தூசு ஆகாது. அவ்வளவு பாத்துக்கிட்டேன். "அப்பா, ஒரு தடவை டேப்ல இருந்து திரும்ப எடுத்துப் பாருங்க"ன்னு கோமதி அடிக்கடி சொல்லுவா. பாக்காம இருப்பேனா? தினமும் காலைல டேப்பைப் போட்டு முதல்ல என்ன இருக்குன்னு பாப்பேன். நேத்து சேர்ந்த பேரு முதல்ல வந்து நிக்கும். பரவாயில்லையே, புதுசா வந்தவங்களை முன்னாடி உக்கார வைக்குதே, என்ன ஒரு மரியாதைன்னு நினைச்சுக்குவேன். அரை நிமிஷம் பாத்தாப் போதாதா. முழுக் கேசட்டையும் கேட்டுட்டா கடையில கொடுக்க முடியும்?

போன்ல கோமதி மறுபடி ஒரு தடவை சொன்னா, "அப்பா, ஆபீஸ்ல தினகரன்னு ஒருத்தர்"னு. நான் கேட்டேன், "அவருக்கும் டேப் தெரியுமா?" தெரியும்னா. "அப்போ அவர்கிட்டயே கேளு, டிரைவைச் சுத்தம் பண்ற டேப் எங்க கிடைக்கும்னு." ரெண்டே நாள்ல வாங்கி அனுப்பிட்டாரு. நல்ல பையன்னு சொன்னேன். அவ போனை வச்சுட்டா. லைன் சரியில்லைன்னு நினைச்சேன்.

இதுக்கு நடுவுல மையத்துல இடம் போதல. அலமாரி பூரா பழைய ஜாதகக் காகிதம், கரையான் வேற. நான்தான் கமிட்டியில சொன்னேன், எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு, கம்ப்யூட்டர்ல இருக்கிறது டேப்ல இருக்கு, காகிதம் எதுக்குன்னு. தலைவர் யோசிச்சாரு. "செண்பகம், நிச்சயமா?"ன்னாரு. "தலைவரே, என் பொண்ணோட மூல ஜாதகமே அதுலதான் இருக்கு. அதையும் சேத்து விடுறேன், போதுமா?"ன்னேன். ஜாதகத்தைக் குப்பையில போடக்கூடாதுல்ல. மஞ்சள் தடவி ஆத்துல விடணும். பதினோரு சாக்கு. முறப்பநாட்டுக்கு வேன்ல கொண்டு போய், ஒவ்வொரு சாக்கா அவுத்து, மஞ்சத்தண்ணி தெளிச்சு தாமிரபரணியில விட்டேன். கோமதியோடதைத் தனியா எடுத்து விட்டேன். மெள்ளப் போச்சு. இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு, சனியன் தொலைஞ்சதுன்னு நினைச்சேன். ஜாதகத்தைத்தான் சொல்றேன், பொண்ணைச் சொல்லல.

அப்புறம் போன ஐப்பசி. தலைவரோட தங்கச்சி அம்பாசமுத்திரத்துல இருக்கா. அவ மகனுக்குப் பொண்ணு பாக்குறாங்கன்னு ஜாதகம் வந்துச்சு. நல்ல பையன், நல்ல வேலை, முப்பத்தாறு வயசு. எல்லாம் பொருந்துது. ஒரே இடைஞ்சல், தாயார் உசுரோட இருக்காங்க. தலைவருக்கு கோமதி ஆயில்யம்னு தெரியும். மூணு வருஷமா நான் அவரைப் பிச்சுப் பிடுங்கினேனே, தாய் இல்லாத பையன் இருந்தாச் சொல்லுங்கன்னு. ஆனா அந்தத் தங்கச்சிக்குத் தெரியாது. ஒரு பிரிண்டு எடுத்து நேரா அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பிட்டா?

சனிக்கிழமை. நல்ல மழை. மையத்துக்கு ஒருத்தர் கூட வரல. கோமதியோட பக்கத்தைத் திறந்தேன். நாலு பத்துன்னு இருந்ததை அஞ்சு பத்துன்னு மாத்தினேன். ஒரே ஒரு எண் அண்ணாச்சி. நான் யார் குடியையும் கெடுக்கல. கட்டத்தையும் புதுசாப் போட்டேன், மகம் வந்துச்சு. மனசு நிறைஞ்சு போச்சு. திங்கட்கிழமை பிரிண்டு எடுத்துக்கலாம்னு, ஆறரைக்கு வழக்கம் போல பேக்கப் எடுத்துட்டு, விர்ருன்னு சுத்துற வரைக்கும் இருந்து கேட்டுட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை வந்து பாத்தா ஏ.சி. ஓட்டை வழியாத் தண்ணி இறங்கி, கம்ப்யூட்டர் நனைஞ்சு, எரிஞ்சு, நாறிக் கிடக்கு. உள்ள இருந்தது எதுவும் தேறாதுன்னு ரெண்டு மெக்கானிக்கு சொல்லிட்டாங்க. கமிட்டிக்காரங்க தலையில கை வச்சு உக்காந்துட்டாங்க. நான் மட்டும் நிமிர்ந்து நின்னேன். அன்னைக்கு மாதிரி நான் என் வாழ்க்கையில நின்னதில்ல. "டேப் இருக்கு"ன்னேன். பால்வண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு, கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு.

கோமதி லீவு போட்டு வந்தா, வேற கம்ப்யூட்டரும் கொண்டு வந்தா. புதன்கிழமை காலைல கமிட்டி மொத்தமும் உக்காந்திருக்கு, எல்லாருக்கும் காப்பி வேற வாங்கிக் கொடுத்தேன். சுவத்துல பெருசாத் தெரியுற மாதிரி திரை கட்டினது என் யோசனைதான். டேப்பைப் போட்டா. கட்டளை கொடுத்தா. ஒரு பேரு வந்துச்சு. கோமதின்னு. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல.

"மத்தது எங்கம்மா?"ன்னேன்.

"அவ்வளவுதான்பா டேப்ல"ன்னா. அவ குரலே எனக்குக் கேக்கல.

யாரோ அதைத் திறக்கச் சொன்னாங்க. திறந்தா, சுவர் அளவுக்கு கோமதி ஜாதகம். பிறந்த நேரம் அஞ்சு பத்து. நட்சத்திரம் மகம். கடைசியா மாத்தின தேதி, போன சனிக்கிழமை. மிஷின் அதையும் எழுதி வச்சிருக்கு, யாரு கேட்டா அதை? பால்வண்ணன் எழுந்து பக்கத்துல போய் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசிச்சாரு. என்னைத் திரும்பிப் பாத்தாரு. அவர் கத்தல. கத்தியிருந்தா பரவாயில்ல.

"செண்பகம், என் தங்கச்சி உசுரோட இருக்காய்யா"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

அன்னைக்கே என்னை விலக்கிட்டாங்க. டிரைவையும் எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க. நான் கேக்குறேன் அண்ணாச்சி, நியாயமாச் சொல்லுங்க. ஒரு ஜாதகம் ஒழுங்கா வந்துச்சா இல்லையா? ஒரு புள்ளி குறையாம வந்துச்சுல்ல? அப்போ டேப் வேலை செஞ்சுதுன்னுதானே அர்த்தம்? அதை ஒருத்தர் சொல்லல.

எல்லாரும் போன பிறகு கோமதி விளக்கினா. தினமும் டேப் முதலுக்கு வந்து நின்னதுனால, மறுநாள் எழுதினது முந்தினதுக்கு மேலேயே விழுந்துச்சாம். முதல் நாள் எழுதின ஒன்பதாயிரமும் மூணாம் நாளே போச்சாம். "தினமும் நீங்க அழிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்கப்பா"ன்னா. பாதியில நிறுத்தி வைக்கச் சொல்றியே, அது மரியாதையான்னு கேட்டேன். சிரிப்பான்னு நினைச்சேன். அழுதா. அவ அம்மா தவறினப்ப அழுதது, அதுக்கப்புறம் அன்னைக்குத்தான் பாக்குறேன்.

"எனக்கு அந்த ஒன்பதாயிரம் பத்தி அழுகை வரலப்பா. மூணு வருஷமா தினகரனைப் பத்திச் சொல்ல வர்றேன். என்னைக்காவது கேட்டீங்களா?"ன்னா.

நான் எப்ப கேக்கலைன்னேன், சொல்லுங்க? சுத்தம் பண்ற டேப் வாங்கி அனுப்பினப்ப நல்ல பையன்னு சொன்னேனே.

சரி. ஆயிரம் இருந்தாலும் பெத்தவன். சரின்னுட்டேன். தினகரன் வீட்டுல திண்டுக்கல்காரங்க. வேற ஆளுக. அது கூட எனக்குப் பெருசாத் தெரியல இப்ப. அடுத்த வாரம் திண்டுக்கல்லயே கல்யாணத்தைப் பதிவு பண்றாங்க, அதைப் பேசத்தான் போறேன். அந்தத் தம்பிக்குப் பழைய மிஷின்னா உசுராம், டிரைவைக் கொண்டு வரச் சொல்லியிருக்காரு. ஆனா அவருக்குத் தாயார் இருக்காங்க அண்ணாச்சி. கமலவேணின்னு பேரு. அறுபத்தெட்டு வயசு.

இதுதான் என்னைத் தூங்க விடல. முந்தாநாள் அந்தம்மாவே போன் பண்ணினாங்க. நல்லாப் பேசினாங்க, காரம் சேப்பீங்களா, பஸ்ஸா ரயிலா, எல்லாம் கேட்டாங்க. அப்புறம் கேட்டாங்க, "சம்பந்தி, கோமதிக்கு என்ன நட்சத்திரம்?"னு. ஆயில்யம்னா, கேட்டுட்டு என்ன ஆவாங்க? மூல ஜாதகம் ஆத்துல போச்சு. கம்ப்யூட்டர் போச்சு. இருக்கிற ஒரே ரெக்கார்டுல மகம்னுதானே இருக்கு. மகம்னு சொல்லிட்டேன்.

"அப்படியா? கோமதி ஆயில்யம்னுல்ல சொன்னா"ன்னாங்க. "அவ பேருல வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஆயில்யம்னுதானே அர்ச்சனை பண்ணிட்டு இருக்கேன். நாலு மாசமா. ஐயர் மறந்துட்டாரு, அதான் உங்ககிட்ட ஒரு தடவை சரியாக் கேட்டுக்கலாம்னு பாத்தேன்."

எந்த நட்சத்திரத்துக்கு ஊரே பயப்படுதோ, அதைச் சொல்லித்தான் அந்தம்மா என் பொண்ணு நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு இருக்காங்க. அப்பவாவது உள்ளதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது பழைய பதிவும்மா, திருத்தியாச்சு"ன்னு சொன்னேன்.

அந்தம்மாகிட்ட கோவமும் இல்ல, சந்தேகமும் இல்ல. "அப்போ ரெண்டுக்குமே பண்ணிடுறேன் சம்பந்தி. எதுக்கும் இருக்கட்டும்"னாங்க.

போனை வச்சுட்டு ரொம்ப நேரம் அழுதேன் அண்ணாச்சி. இப்ப எனக்கு மையமும் வேண்டாம், கமிட்டியும் வேண்டாம், தப்பு யாரு மேலன்னும் நீங்க சொல்ல வேண்டாம். அந்தம்மா நல்லா இருக்கணும். அவ்வளவுதான்.